வீரம்மாவின் மூன்று சில்லு

வீரம்மா தன்னுடைய மூன்று சில்லு மோட்டார் சைக்கிளில் வைத்திருக்கிற பாசத்தில் பாதியைப் புருசனில் வைத்திருந்தால் பழனியாண்டி இன்னும் ஒரு சுற்றுப் பருத்திருப்பார் என்று நான் சொல்வதுண்டு. மறைவில் அல்ல, அந்த மனுசனுடைய முகத்துக்கு நேரேயே. அவர் சிரிப்பார். "அக்கா, அதுக்கு விடியத் துடைச்சு விட்டாக் காணும். எனக்குத் தேத்தண்ணி எல்லோ வேணும்" என்பார்.

மூன்று சில்லு என்றவுடன் ஓட்டோ என்று நினைக்க வேண்டாம். கூரை இல்லை, கதவு இல்லை. பழைய ஸ்கூட்டி ஒன்றின் பின்சில்லைக் கழற்றிவிட்டு, அகலமான அச்சொன்று போட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சில்லுப் பூட்டியது. விசுவமடுவில் கராஜ் வைத்திருக்கிற சுமன் அதை இளையதம்பியருக்காகச் செய்தான். இளையதம்பியருக்கு வலது கால் தொடையோடு இல்லை. இரண்டு வருசத்துக்கு முதல், மகளோடு இருக்கவென்று வவுனியாவுக்குப் போனபோது அவர் வண்டியைக் கொண்டுவந்து வீரம்மாவின் முற்றத்தில் விட்டுவிட்டுப் போனார். ஏன் அவளுக்கு என்று தர்மபுரத்தில் எங்கள் ஒழுங்கை முழுக்க இரண்டு கிழமை கதைத்தோம். பிறகுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது, ஏழு வருசமாக அந்த மனுசனுக்குக் காலைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான் என்று. அதோடு கதைக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. எனக்கு அது கவலைதான்.

வீரம்மாவுக்குக் கால் இரண்டும் இருக்கின்றன. தலையில் சுமந்து நடந்து நடந்து உரமேறிய கால்கள். அவளுக்கு இல்லாதது பலன்ஸ். நாற்பது வயதில் சைக்கிள் பழக வெளிக்கிட்டாள். முதல் நாள் எங்கள் கிளுவை வேலிக்குள் விழுந்தபோது ஓடிப்போய்த் தூக்கினேன். இரண்டாம் நாள் விழுந்தபோது நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் கதிரை கொண்டுவந்து போட்டுக்கொண்டு இருந்தேன். நான்காம் நாள் அவள் வரவில்லை.

அவளுடைய தொழில் இடியப்பம். கோழி கூவ முதலே அவளுடைய குசினியில் அடுப்பு எரியும். சிவப்பரிசி மாவைக் குழைத்து, உரலில் போட்டுப் பிழிந்து, தட்டுத் தட்டாக அவித்து, பத்துப் பத்தாகப் பொதி கட்டுவாள். சம்பல் வேறு, சொதி வேறு. முந்தியெல்லாம் அதைக் கடகத்தில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு போவாள். மூன்றாவது கடைக்குப் போகும்போதே இடியப்பம் ஆறிவிடும். இப்போது பரந்தன் சந்தி வரைக்கும் எட்டுக் கடை. எட்டாவது கடைக்காரனும் பொதியைப் பிரித்தால் ஆவி பறக்கிறதாம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை அவள் ஒரு நாளைக்கு இரண்டு தரம் சொல்லுவாள்.

சொல்லுகிற இடம் என்னுடைய வாசல் படலையடி. வண்டியை நிற்பாட்டுவாள், எஞ்சினை நூர்த்துச் சத்தத்தை அடக்குவாள், இறங்க மாட்டாள். கதிரையில் இருக்கிற மாதிரி அதிலேயே இருந்துகொண்டு கதைப்பாள்.

"இறங்கி உள்ளுக்கு வாவன் பிள்ளை."

"என்னத்துக்கு அக்கா? ரெண்டு சில்லுக்காரர் எண்டால் ஒரு காலை ஊண்டிக்கொண்டு நிக்கவேணும், கொஞ்ச நேரத்தில கால் உளையும், போயிடுவினம். எனக்கென்ன? மத்தியானம் மட்டும் இருப்பன்."

இருந்துமிருக்கிறாள்.

குறை இல்லாத வண்டி என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஒழுங்கையில் உழவு இயந்திரம் போய்ப் போய் இரண்டு தடம் விழுந்திருக்கிறது. நடுவில் புல் மேடு. பின்சில்லு இரண்டும் தடத்தில் ஓட, முன்சில்லு அந்த மேட்டில் கல்லிலும் புல்லிலும் ஏறி ஏறி விழும். றோட்டில் குழி வந்தால் மற்றவர்கள் வெட்டி விலத்திப் போவார்கள். இவள் முன்சில்லைத் தப்பவைத்தால் பின்சில்லில் ஒன்று விழுந்தே தீரும். அதைச் சொன்னாலும் கோபம் வராது. "ஒரு குழியும் எனக்குத் தெரியாம இல்லை அக்கா" என்று அதையும் ஒரு பெருமையாகவே சொல்லுவாள்.

இனித்தான் விசயத்துக்கு வருகிறேன்.

அவளுடைய மூத்தவள் தனுஷா கிளிநொச்சியில் தையல் தொழிற்சாலைக்குப் போகிறவள். இருபத்தாறு வயது. நெடுங்கேணியில் உழவு இயந்திரம் திருத்துகிற ஜனார்த்தனன் என்கிற பெடியனோடு மூன்று வருசமாக ஃபோனில் கதை. பெட்டை சிரித்தபடி கிணற்றைச் சுற்றி நடந்தால் அது ஜனார்த்தனன் என்று எனக்குத் தெரியும். ஒருவழியாக இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட்டார்கள். இரண்டு வீடும் சரி, பார்ப்போம் என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் அப்படிப் பார்ப்பதற்கு முதல் ஒருவர் வந்து அயலில் விசாரித்துவிட்டுப் போவார். மார்கழி முடிவில் பெடியனின் தாய்மாமன் வந்தார். அயலில் யாரை விசாரிப்பது என்று கடையில் கேட்டிருக்கிறார். எல்லாரும் என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள். நல்ல சனம்.

மனுசன் எல்லாம் கேட்டார். மலைநாட்டுச் சனமோ என்று கேட்டார். ஓம், எழுபத்தேழு கலவரத்தில் வந்த குடும்பம் என்றேன். காணி உறுதி யாருடைய பெயரில், தகப்பன் குடிப்பாரோ, பெட்டைக்கு முதல் ஏதும் பேச்சு நடந்ததோ, ஒன்றும் விடவில்லை. கதைத்துக்கொண்டு நிற்கிற நேரம் வீரம்மா வந்து படலையடியில் நிற்பாட்டினாள். வழக்கம் போல இறங்கவில்லை. நீளப் பாவாடை காற்றுக்குப் பறக்காமல் தொடைக்குக் கீழே செருகியிருந்தாள். அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு வெறும் கடகத்தோடு போனாள். மனுசன் அவள் இருந்த நேரம் முழுக்க நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மரியாதைக்காரன் என்று நினைத்தேன்.

அவர் நினைத்தது வேறு. வன்னியில் யாரிடமும் சாதி கேட்கலாம், சம்பளம் கேட்கலாம், ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்று கேட்கலாம். காலை மட்டும் கேட்கக்கூடாது. சண்டையில் வீட்டுக்கு ஒரு கால் போயிருக்கிற இடத்தில் யார் யாரைக் கேட்பது? கண்டும் காணாத மாதிரி இருப்பதுதான் எங்கள் பண்பாடு. மூன்று சில்லு ஓடுகிற பெண், இறங்கவே இறங்காத பெண். மனுசன் போய் என்ன சொல்லியிருப்பார்?

நெடுங்கேணியில் இருந்து உடனே மறுமொழி வந்தது. பெடியனின் தகப்பன் சிவராசா, இதுவரைக்கும் ஒரு சம்பந்தத்துக்கும் அசையாத மனுசன், தானே வந்து பேசி முடிக்கிறதாகச் சொல்லிவிட்டாராம். பெண்ணைக் கூடப் பார்க்கத் தேவையில்லை, தாயைத்தான் பார்க்கவேண்டும் என்றாராம். வீரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என்ரை இடியப்பத்தைப் பற்றி அங்கையும் கேள்விப்பட்டிருப்பினம் அக்கா" என்றாள். நானும் இருக்கும் என்றேன்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இரவு காலந்தப்பி ஒரு மழை பெய்து களிமண் சதசதவென்று கிடந்தது. வயலில் கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. நான் காலையிலேயே போய் வடைக்கு அரைத்துக் கொடுத்தேன். நான் போகாமல் இந்த ஒழுங்கையில் எந்தச் சம்பந்தம் நடந்திருக்கிறது? வீரம்மாவைக் காணவில்லை. அன்றைக்கும் எட்டுக் கடைக்கும் போட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விட்டாள்.

பத்து மணிக்கு வான் வந்து நின்றது. முதலில் பெடியன் இறங்கினான். பிறகு தாய் கமலாட்சி, கையில் வாழைப்பழச் சீப்பும் கேக் பெட்டியும். கடைசியாகச் சிவராசா, ஊன்றுகோலைப் பிடித்தபடி. நடையைப் பார்த்தவுடனேயே தெரிந்தது, முழங்காலுக்குக் கீழே இடது கால் பொய்க்கால். தெரிந்தது என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. பழனியாண்டி மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டார். மழையைப் பற்றிக் கதைத்தார்கள். நெல்லுக்கு வருகிற மடிச்சுக்கட்டி நோயைப் பற்றிக் கதைத்தார்கள். சிவராசாவின் கண் மட்டும் படலையில் இருந்தது.

டுபு டுபு என்று சத்தம் கேட்டது. சேறு தெறிக்க மூன்று சில்லு படலைக்குள் வந்து, ஒரு வெட்டு வெட்டி முற்றத்தில் நின்றது. சிவராசா பாடுபட்டுக் கதிரையை விட்டு எழும்பினார். பெரியவர்களைக் கண்டால் எழும்புகிற எழும்பல்.

"கமலாட்சி, போம். போய் அவாவைப் பிடிச்சு இறக்கும். கவனம்."

கமலாட்சி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனா. நெடுங்கேணிப் பக்கத்தில் இப்படித்தான் வரவேற்பார்களாக்கும் என்று வீரம்மா நினைத்திருக்கிறாள். ஒரு குதியில் இறங்கி அந்த மனுசியை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். பிறகு கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இருங்கோ, இருங்கோ, கை கழுவிக்கொண்டு வாறன்" என்று நாலு எட்டில் முற்றத்தைத் தாண்டிக் குசினிக்குள் போய்விட்டாள்.

கமலாட்சி நீட்டிய கையோடு அப்படியே நின்றா.

"அவா நடக்கிறா" என்றார் சிவராசா.

"ஓம் அண்ணை. நல்லாய் நடப்பா" என்றார் பழனியாண்டி.

"ஓடுவாவோ?"

"கோழி கலைக்கேக்க நீங்கள் பாக்கோணும்."

சிவராசா மனைவியைப் பார்த்தார். "விசாரிச்சுப் போன உம்மட கொண்ணர் என்ன சொன்னவர்?"

"கால் ஏலாத மனுசி, ஆனால் துணிஞ்சவ எண்டு சொன்னவர்."

"கேட்டுத்தான் சொன்னவரோ?"

"ஆரப்பா உதைப் போய்க் கேப்பினம்?"

எல்லாருமாக என்னைப் பார்த்தார்கள். இந்த ஒழுங்கையில் எது பிழைத்தாலும் கடைசியில் என்னைத்தான் பார்ப்பார்கள்.

"என்னட்டை அவர் எல்லாம் கேட்டவர். காலைக் கேக்கேல்லை" என்றேன்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

"இருக்கிற காலைப் பற்றி ஆர் சொல்லுவினம்?"

வாசலில் தனுஷா தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து நின்றாள். ஜனார்த்தனன் அவளைப் பார்த்து மெல்லிய குரலில், "நீர் ஒருநாளும் சொல்லேல்லையே" என்றான். "நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே" என்றாள் அவள். மூன்று வருசம், ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம். அப்படி என்னதான் கதைத்தார்களோ.

சிவராசா ஊன்றுகோலை எடுத்தார். முகம் கறுத்துவிட்டது. "வெளிக்கிடுவம்."

"அப்பா..."

"வெளிக்கிடு தம்பி. கால் இல்லாததுகளுக்கெண்டு செய்ததைக் கால் ரெண்டும் உள்ளவை ஏறித் திரிஞ்சால் என்ன அர்த்தம்? எங்களைப் பாத்து நக்கலோ, நளினமோ?"

தனுஷா அழவில்லை. தட்டத்தை வைக்கவுமில்லை. தகப்பனைப் பார்த்தாள். பழனியாண்டி சண்டை என்றால் சாரத்தைச் சரிசெய்கிற மனுசன். அதைத்தான் செய்துகொண்டு நின்றார்.

குசினிக்குள் இருந்து வீரம்மா வந்தாள். கை ஈரம். அவள் நாற்பது வருசத்துக்கு மேலாக எங்களோடு இருந்து எங்களைப் போலவே கதைக்கிறவள். கோபம் வந்தால் மட்டும் தாயின் பேச்சு வந்துவிடும்.

"என்னா சொன்னீங்க? நளினமா?"

"வேறை என்ன?"

"ரெண்டு வருசமா இதுல ஏறி எறங்குறேன். நொண்டி வண்டின்னு நான் ஒருநாளும் நெனைச்சதில்ல. நீங்கதான் நெனைக்கிறீங்க."

நான் வடையை வாயில் வைத்தவள் அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். சம்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன்.

"எனக்குக் காலு இருக்குது, இல்லேங்கல. அந்தக் காலால நான் முப்பது வருசம் கடைவாசல்ல நின்னேன். கடைக்காரன் எப்ப திரும்பிப் பார்ப்பான்னு, தலையில சுமையோட. இப்ப நான் இதுல குந்திக்கிட்டு இருக்கேன், அவன் எறங்கி வந்து என் பக்கத்துல நின்னு எடுக்குறான். மழை பேஞ்சா இந்தக் களியில எல்லாரும் சறுக்கி விழுறாங்க, நான் பாட்டுக்குப் போறேன். வீட்டுல மாடு, அடுப்பு, புருசன், புள்ளைக, எல்லாத்தையும் நான் புடிச்சிக்கிட்டு நிக்கணும். இது ஒண்ணுதான் நான் கைய விட்டாலும் தானா நிக்குது. அதுக்கு மேல என்னா வேணும்? எனக்கு இதைப் புடிக்கும். அவ்வளவுதான்."

மாமரத்தில் இருந்து இரவு மழைத் துளி இரண்டு சொட்டியது. சிவராசா நின்றபடியே வண்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கதிரையில் இருந்தார்.

"நிறுவனக்காரர் எனக்கும் இப்பிடி ஒண்டு தர வந்தவங்கள்" என்றார், ஒருவரையும் பாராமல். "ரெண்டாயிரத்துப் பன்னிரண்டில. வேண்டாமெண்டு திருப்பி அனுப்பினனான். நொண்டியெண்டு பலகை எழுதிக் கட்டிக்கொண்டு திரியிறதோ எண்டு. அண்டையில இருந்து இவன்ரை பின் சீற்றுத்தான். பத்துப் பன்ரெண்டு வருசமாய் நான் எங்கை போனாலும் தெரியிறது இவன்ரை முதுகு மட்டும்தான்."

ஜனார்த்தனன் தலை குனிந்தான்.

"ஒரு பொம்பிளை வெக்கப்படாமல் ஓடித் திரியிறா எண்டு மச்சான் வந்து சொன்னவர். என்னண்டு சனத்தின்ரை கண்ணைத் தாங்கிறா எண்டு கேப்பமெண்டுதான் வந்தனான்."

"சனத்தின்ரை கண் எனக்கென்ன செய்யும்?" என்றாள் வீரம்மா. கோபம் இறங்கிவிட்டது, எங்கள் பேச்சு திரும்பிவிட்டது. பெருவிரலால் என்னைக் காட்டினாள். "இவவின்ரை கண்ணையே தாங்கிறன்."

இப்படித்தான் என்னை எல்லாரும் எடுத்தெறிந்து கதைப்பது. பரவாயில்லை.

பழனியாண்டி சாரத்தை விட்டுவிட்டு, சண்டை தொடங்கிய பிறகு முதல் தடவையாக வாய் திறந்தார். "அண்ணை முந்தி என்ன ஓடினனீங்கள்?"

"சீ.டி. மோட்டார் சைக்கிள் ஒண்டு வைச்சிருந்தனான். நெடுங்கேணியில இருந்து முல்லைத்தீவுக்கு முக்கால் மணித்தியாலம்."

"திறப்பு அதிலதான் கிடக்கு" என்றார் பழனியாண்டி, மூன்று சில்லில் தொங்கிய சாவியைக் காட்டி.

கமலாட்சி, "இஞ்சாருங்கோ, விசர் வேலை பாக்காதேங்கோ" என்று முடிக்க முதல் சிவராசா எழும்பிவிட்டார். பொய்க்காலைக் கையால் தூக்கிப் பலகையில் வைத்தார். இரண்டு பிறேக்கையும் பிடித்துப் பார்த்தார். வீரம்மா பக்கத்தில் நடந்துகொண்டே சொன்னாள்.

"சாயக்கூடாது. இது சாயாத வண்டி. வளையிறதெண்டால் ஹாண்டிலை மட்டும் திருப்புங்கோ, உடம்பு நேரை இருக்கோணும்."

"எனக்கு ஓட்டம் பழக்கிறாவாம்" என்று மகனைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு அந்த மனுசன் சிரித்த முதல் சிரிப்பு.

ஒழுங்கையில் நேராகப் போகும்போது ஒரு குறையும் இல்லை. முதுகு நிமிர்ந்துவிட்டது. தலையை இந்தப் பக்கம் திருப்பி வயலைப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பி வாய்க்காலைப் பார்த்தார். கிணற்றடியில் நின்ற நாயைக் கூடப் பார்த்தார். வேகம் கூடியது. வாய்க்கால் வளைவு வந்தது. அந்த இடத்தில் சீ.டி. ஓடின உடம்புக்குப் பழைய ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆள் ஒயிலாக இடது பக்கம் சாய்ந்தார். வண்டி சாயவில்லை, வளையவுமில்லை. அவர் ஒரு பக்கம் சாய்ந்தபடியே இருக்க, அது தன்பாட்டில் நேரே போய் வரம்பில் ஏறி வயலுக்குள் இறங்கியது. எங்கள் வயலுக்குள். இன்னும் இரண்டு கிழமையில் வெட்ட இருந்த நெல்லுக்குள்.

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீரம்மா ஓடிய ஓட்டத்துக்குப் பெடியனே பின்னுக்குத்தான். நான் போய்ச் சேரும்போது சிவராசா கதிருக்கு நடுவில் சேற்றில் இருந்தார். மூன்று சில்லு கொஞ்சம் தள்ளி, ஒன்றும் நடவாத மாதிரி நிமிர்ந்து நின்றது. எஞ்சின் கூட நூரவில்லை.

ஒரு கக்கத்தில் வீரம்மாவும் மறு கக்கத்தில் ஜனார்த்தனனும் பிடித்துத் தூக்கினார்கள். ஆள் வந்தார். பொய்க்கால் வரவில்லை. சேறு அதை இழுத்து வைத்துக்கொண்டது. பழனியாண்டி குனிந்து, விரால் மீன் தடவுகிற மாதிரித் தடவிக்கொண்டு நின்றார்.

"அது கிடக்கட்டும்" என்றார் சிவராசா. "வண்டிக்கு ஒண்டும் இல்லையே?"

வீரம்மா சுற்றிவந்து பார்த்தாள். "ஒண்டும் இல்லை. கண்ணாடி மட்டும் திரும்பிப் போச்சு."

பெடியனும் வானோட்டியும் வீரம்மாவும் தள்ளி அதை ஒழுங்கைக்கு ஏற்றினார்கள். எத்தனை கதிர் நெரிந்தது என்று நான் எண்ணவில்லை, நல்ல காரியம் நடக்கிற இடத்தில் வாய் திறக்கக்கூடாது என்று இருந்தேன். பெடியன் சீற்றைத் துடைத்துவிட்டு, "அப்பா, காணும். நீங்கள் வானில ஏறுங்கோ, நான் இதைக் கொண்டுவந்து விடுறன்" என்றான்.

"நீ நடந்து வா" என்றார் சிவராசா.

மகனின் தோளைப் பிடித்து ஒற்றைக்காலில் துள்ளிப் போய் ஏறி இருந்தார். சேறு தலையில் இருந்து வழிந்தது. ஒரு பக்கத்துக் காற்சட்டை வெறுமனே தொங்கியது, அதைச் சுருட்டிச் செருகக்கூட நினைக்கவில்லை. பின்னால் இருந்த இடத்தைக் கையால் தட்டினார்.

"ஏறுங்கோ சம்மந்தி. அந்த வளைவை ஒருக்காச் சரியாய் எடுத்துக் காட்டோணும்."

சொன்னது எல்லாருக்கும் கேட்டது. தேத்தண்ணித் தட்டத்தோடு ஒழுங்கை வரைக்கும் வந்துவிட்ட தனுஷாவுக்கும் கேட்டது. அவள் தட்டத்தைக் கொண்டுபோய் வாய்க்கால் கட்டில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை உதறினாள். ஜனார்த்தனன் ஆறிப்போன கோப்பை ஒன்றை எடுத்து, ஒரே மூச்சில் குடித்தான்.

வீரம்மா பின்னால் ஏறி இருந்தாள். வண்டி போனது. வளைவில் சிவராசா மின்கம்பம் மாதிரி விறைப்பாக இருந்தார். பின்னால் இருந்து "நேரை, நேரை" என்று வீரம்மாவின் குரல் கேட்டது. மூன்று சில்லும் வடிவாகத் திரும்பின. திரும்பி நிற்கவில்லை. பரந்தன் றோட்டுப் பக்கமாகச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது.

பழனியாண்டி காலைக் கண்டெடுத்து வாய்க்காலில் கழுவிக் கொடுத்தார். கமலாட்சி அதைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, புருசன் போன திசையைப் பார்த்தபடி நின்றா. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, பழனியாண்டியிடம் கேட்டா.

"எங்கட பக்கத்தில தாலிக்குப் பொன்னுருக்கிறது மாப்பிள்ளை வீட்டில. நாள் நீங்கள் பாப்பியளோ, நாங்கள் பாக்கிறதோ?"

பழனியாண்டி சாரத்தைச் சரிசெய்தார்.

"நாள் பாப்பம் அக்கா. முதல் அவை ரெண்டு பேரும் திரும்பி வரட்டும்."